பத்தாயிரத்துல ஒண்ணு

நாளைக்கு கல் பாக்கப் போறேன்னு வீட்டுல சொன்னதும், "கல்லப் பாக்க எதுக்கு நயாகரா வரைக்கும், வாசல்லயே கிடக்கே"ன்னு பதில் வந்துச்சு. வருஷா வருஷம் இதே ஜோக்குதான், இருந்தாலும் அவ முகத்த சீரியஸா வெச்சுக்கிட்டு சொல்றப்ப எனக்கு சிரிப்பு வந்துருது. புத்தகத்துல இந்தப் பறவைக்கு கடற்காகம்னு பேரு, பேச்சுல நெறைய பேரு கடற்புறான்னுவாங்க, ரெண்டுமே எனக்கு ஒட்டல. காகமும் இல்ல, புறாவும் இல்ல, அதுலயும் நான் பாக்கப் போறது கடல்லேர்ந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் உள்ள தள்ளி ஓடற ஒரு ஆத்துல. அதனால பறவை பாக்கறவங்க இங்கிலீஷ்ல gull-னு சொல்ற மாதிரி கல்லுன்னே சொல்லிட்டுப் போறேன். இந்தப் பதிவு முடியற வரைக்கும் கல்லுன்னா பறவை, பாறைன்னா பாறை, குழப்பிக்காதீங்க.

டிசம்பர் மொத வாரம். கூட வந்தது அண்ணன். கூடப்பொறந்த அண்ணன் இல்ல, பறவை பாக்கற எடத்துல பழக்கமாகி அப்படியே அண்ணனானவர், ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷமாச்சு, கண்ணுல ஒரு பக்கம் கேட்டராக்ட் ஆப்பரேஷன் ஆனதுக்கு அப்புறம் என்னைவிட நல்லாப் பாக்கறாரு. விடியறதுக்கு முன்னாடியே கெளம்பினோம். கார்ல ஹீட்டர் முழுசா ஓடியும் அவரு கையுறையக் கழட்டல. "இப்பவே கைய பழக்கி வைக்கணும் தம்பி, சூட்டுலேர்ந்து நேரா குளிருக்குப் போனா விரல் ஃபோகஸ் வீலைத் திருப்பாது"ன்னாரு. அவரு சொல்ற அறிவுரைல பாதி இப்படித்தான் இருக்கும், கேக்கறப்ப கிறுக்குத்தனமாத் தெரியும், மத்தியானத்துக்குள்ள புரிஞ்சுரும்.

நயாகரான்னா எல்லாருக்கும் அருவி மட்டும்தான். அது ஒரு ஆறுங்கறதே பலருக்கு ஞாபகம் இருக்காது. ஈரி ஏரிலேர்ந்து கெளம்பி வடக்க ஒண்டாரியோ ஏரில போய் விழற வெறும் 58 கிலோமீட்டர் ஆறு. அந்த 58-க்குள்ள 99 மீட்டர் கீழ எறங்குது, அதுல பாதிக்கு மேல அருவிலயே ஒரே குதியில எறங்கிருது. ஒரு கரை கனடா, எதிர்க்கரை அமெரிக்கா. நவம்பர் பாதிலேர்ந்து ஜனவரி ஆரம்பம் வரைக்கும் இந்த ஆத்துல ஒரு லட்சத்துக்கு மேல கல் வந்து சேருதுன்னு கணக்கு இருக்கு, 19 வகைக்குக் கொறையாம இங்க பதிவாயிருக்கு. உலகத்துல மொத்தமே அம்பது சொச்சம் வகைதான்னு வெச்சுப்பாருங்க. 1996-ல ரெண்டு நாட்டுக்காரங்களும் சேந்து இந்த ஆத்த உலக அளவுல முக்கியமான பறவைப் பகுதின்னு அறிவிச்சாங்க, அதுக்கு முக்கியக் காரணமே இந்த குப்பை பொறுக்கற பறவைங்கதான். ஃபோட்டோ எடுக்க வர்ற லட்சக்கணக்கான பேருல இது எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல, தலைக்கு மேல பறந்து யாராவது சட்டைல எச்சம் போட்டா அப்ப மட்டும் நிமிந்து பாக்கறாங்க.

மொதல்ல அருவிக்கு மேல இருக்கற பகுதிக்குப் போனோம், தண்ணி பாறை மேல ஏறி இறங்கி நொரைச்சுக்கிட்டு ஓடற எடம். அங்க ஒரு துருப்புடிச்ச இரும்புத் தெப்பம் கெடக்கு. 1918 ஆகஸ்ட்ல இழுத்துட்டு வந்த படகுலேர்ந்து கயிறு அறுந்து, ரெண்டு ஆளுங்களோட அருவிய நோக்கிப் போயி, விளிம்புக்குக் கொஞ்சம் முன்னாடி பாறைல தட்டி நின்னுச்சு. கரைல இருந்த பவர் ஹவுஸ் கூரைலேர்ந்து துப்பாக்கியால கயிற சுட்டு அனுப்பி, ராத்திரி முழுக்கப் போராடி மறுநாள் ரெண்டு பேரையும் உயிரோட கொண்டுவந்தாங்க. நூறு வருஷம் அசையாம கெடந்துட்டு, 2019 அக்டோபர் 31 ராத்திரி புயல்ல சுமார் 50 மீட்டர் நகந்து திரும்பி உக்காந்துச்சு. எனக்கு இந்தக் கதை புடிக்கும், அண்ணனுக்குப் புடிக்கறது அந்த தெப்பத்து மேல வரிசையா உக்காந்திருக்கற ஹெர்ரிங் கல்லுங்க. "பாரு, எல்லாம் காத்துக்கு மூஞ்சியக் காட்டிட்டு உக்காந்திருக்கு, ஒண்ணு மட்டும் திரும்பியிருந்தா அது சீக்கு, இல்ல புதுசு"ன்னாரு.

குளிர்காலத்துல இங்க பாறை நெறைய வெளிய தெரியும். காரணம் குளிர் இல்ல, கரண்ட்டு. 1950-ல ரெண்டு நாடும் போட்ட ஒப்பந்தப்படி ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் டூரிஸ்ட் வர்ற பகல் நேரத்துல அருவில விநாடிக்கு 2,832 கன மீட்டர் தண்ணியாவது விழணும். ராத்திரியிலயும் நவம்பர் பொறந்ததும் முழு நேரமும் அதுல பாதி, 1,416 போதும். ஆத்துல சராசரியா வர்றது சுமார் 5,800. அப்ப மிச்சம்? மேலயே 18 கதவு வெச்ச ஒரு தடுப்புல தண்ணியத் திருப்பி, சுரங்கத்துல விட்டு, ஊருக்கு அடியில கொண்டுபோயி, பல கிலோமீட்டர் தள்ளி பவர் ஹவுஸ்ல கொட்டறாங்க. கடைசியா 2013-ல முடிச்ச சுரங்கம் மட்டுமே 10.2 கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்துல நாம பாக்கற நயாகரா முக்காவாசி தண்ணியக் காணாத நயாகரா. அந்தக் காணாத தண்ணிய அப்புறம் வேற எடத்துல பாத்தோம், அதச் சொல்றேன்.

இங்க வந்தது பர்பிள் சாண்ட்பைப்பருக்காக. உள்ளான் ஜாதி, ஆர்க்டிக்ல முட்டை வெச்சுட்டு குளிருக்குக் கடலோரப் பாறைகளுக்கு வர்ற பறவை, அலை அடிக்கற எடம் இல்லாம அதுக்கு வாழத் தெரியாது. கடலே இல்லாத எடத்துல, அருவிக்கு மேல நொரை அடிக்கற பாறைய அலை அடிக்கற பாறைன்னு நெனச்சுக்கிட்டு வருஷா வருஷம் ரெண்டு மூணு வந்து இருந்துட்டுப் போகுது. நான் ஸ்கோப்ப, அதாவது முக்காலில நிக்கற தொலைநோக்கிய வெச்சு அரை மணி நேரம் பாறை பாறையாப் பாத்தேன். எல்லாம் சாம்பல் பாறை, அதுமேல சாம்பல் பாசி, மேல சாம்பல் வானம். அருவித் தூவானம் வந்து கண்ணாடில படியுது, தொடைக்கறேன், தொடைச்ச எடத்துல உறையுது. கடைசில ஒரு பாறையோட முனை மட்டும் நகந்துச்சு. அப்புறம் ஆரஞ்சு கலர்ல ஒரு கால். அப்புறம் அலகு, அதோட அடிப்பக்கமும் அதே ஆரஞ்சு. பக்கத்துலயே இன்னொண்ணு தலையச் சொருகிட்டுத் தூங்கிட்டு இருந்துச்சு, அதத்தான் இருபது நிமிஷமா கல்லுன்னு... சாரி, பாறைன்னு நெனச்சு தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்.

பகல் பத்தரை வாக்குல ஆடம் பெக் பவர் ஹவுஸ் மேட்டுக்கு வந்துட்டோம். கல் பாக்கறவங்களுக்கு இதுதான் கோயில். ஆறு அருவிக்குக் கீழ ஆழமான பள்ளத்தாக்குல ஓடுது, மேல ரோட்டோரம் கம்பி வேலி, அதப் புடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தா இருவது மாடிக்கு மேல ஆழம். நேர் எதிர்ல அமெரிக்காவோட ராபர்ட் மோசஸ் பவர் ஹவுஸ், நம்ம காலுக்குக் கீழ 1922-ல ஆரம்பிச்ச பெக் பவர் ஹவுஸ். காலைல காணோம்னு சொன்னேனே அந்தத் தண்ணி இங்கதான் டர்பைனச் சுத்திட்டு வெளிய வருது, கொதிக்கற மாதிரி பொங்கிக்கிட்டு. கூடவே மீனும் வருது. எமரால்ட் ஷைனர்னு விரல் நீளத்துக்கு வெள்ளி வெள்ளியா ஒரு குட்டி மீன், ஈரி ஏரிலேர்ந்து கூட்டம் கூட்டமா இந்தத் தண்ணியோட வந்து, டர்பைனுக்குள்ள சுழட்டி அடிச்சதுல தலை கிறுகிறுத்து மேல மெதக்குது. கல்லுக்கு இதவிட என்ன வேணும், மேல வட்டம் போடுது, எறங்குது, கொத்துது, போகுது. ஆறு இவ்ளோ வேகமா ஓடறதால உறையறதும் இல்ல. ஒப்பந்தம் போட்டவங்க மனசுல அருவியும் கரண்ட்டும் மட்டும்தான் இருந்திருக்கும், பாதி கண்டத்து கல்லுக்குப் பந்தி வெச்சிருக்கோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

வேலியோரம் எங்களுக்கு முன்னாடியே ஏழெட்டு பேரு. எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வயசு, ஒரே தொப்பி, மூக்கு நுனியில ஒரு சொட்டு. யாரும் யாரையும் நிமிந்து பாக்கல, "ஏதாச்சும்?"னு கேட்டா "வழக்கம்போல"ன்னு பதில்.

கீழ பாத்தா காத்துல வீசின பொரி மாதிரி வெள்ளைப் புள்ளி, ஆயிரக்கணக்குல. பறவையக் கீழேர்ந்து பாத்தே பழகின நமக்கு இங்க முதுகுதான் தெரியும். வானத்துல பறக்கறத எட்டிக் குனிஞ்சு பாக்கறது முதல் தடவ வயித்தப் பெரட்டும். இதுல பெரும்பாலானது போனபார்ட் கல். நெப்போலியன் பேரு இல்ல, அவரோட தம்பி மகன் ஷார்ல் லூசியன் போனபார்ட் பேரு, சித்தப்பா பெரியப்பா சண்டை போட்டுக்கிட்டு இருந்த குடும்பத்துல இந்த மனுஷன் மட்டும் பறவைய எண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. சின்ன, மெல்லிசான கல், எடை கால் கிலோவுக்கும் கொறைவு. பொதுவா கல்லுங்க தரைல, பாறைல, தீவுல கூடு கட்டும், இது மட்டும் வடக்குக் காட்டுல ஊசியிலை மரத்து மேல ஏறிக் கூடு கட்டற ஜாதி. குளிர்காலத்துல தலை வெள்ளையாயி, காதுக்கிட்ட ஒரு கருப்புப் பொட்டு மட்டும் நிக்கும், குழந்தைக்கு கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வெச்ச மாதிரி.

நான் நேரா அரியதத் தேட ஆரம்பிச்சேன். இந்த ஆயிரத்துல எங்கயாவது ஒரு லிட்டில் கல் இருக்கும். அண்ணன் என் ஸ்கோப்பக் கையால மறைச்சாரு.

"என்ன தேடற?"

"லிட்டில் கல்தான்ணே."

"அது தேடினா கிடைக்காது. இருக்கறத மொதல்ல பாரு. அம்பது ஹெர்ரிங் கல்லுக்கு வயசு சொல்லு, அப்புறம் மத்தது."

எனக்குக் கடுப்புதான். அம்பது! குளிர் மைனஸ்ல இருக்கு, கால் கட்டைவிரல் என்னோடதுதானான்னு சந்தேகமா இருக்கு, இவரு பாடம் நடத்தறாரு. ஆனா ஆரம்பிச்சேன். ஹெர்ரிங் கல் முழு வளர்ச்சிக்கு வர நாலு வருஷம் ஆகும். மொத வருஷம் உடம்பெல்லாம் பழுப்பு, அலகு கருப்பு. ரெண்டாவது வருஷம் முதுகுல சாம்பல் எட்டிப் பாக்கும். மூணாவது வருஷம் ஏறக்குறைய பெருசு மாதிரி, வால்ல மட்டும் கொஞ்சம் அழுக்கு. நாலாவதுலதான் சாம்பல் முதுகு, வெள்ளை வால், மஞ்சள் அலகு, கீழலகுல செகப்புப் பொட்டு. அந்தச் செகப்புப் பொட்டக் கொத்தித்தான் குஞ்சு அம்மாகிட்ட சாப்பாடு கேக்கும், நிக்கோ டின்பெர்ஜன் அட்டைல விதவிதமா தலை செஞ்சு காட்டி அத ஆராய்ச்சி பண்ணினாரு, 1973-ல நோபல் பரிசு வாங்கின மூணு பேருல அவரும் ஒருத்தர். இதுல ரிங் பில்ட் கல் கலந்து நிக்கும், அதுக்கு மூணு வருஷம். போனபார்ட்டுக்கு ரெண்டே வருஷம். மேல வெயில்ல வெளுத்தது, பாதி இறகு உதுந்தது, ரெண்டு ஜாதி கலந்து பொறந்ததுன்னு சேத்தா, ஒரே வகைப் பறவைல ஒண்ணுகூட இன்னொண்ணு மாதிரி இருக்காது. பறவை பாக்கறவங்கள்லயே பாதிப் பேரு கல்லுன்னதும் ஓடிப்போறது இதனாலதான். கிளி, மீன்கொத்தின்னு நிம்மதியா இருக்கலாம்ல.

முப்பத்தி எட்டாவதோ ஒம்பதாவதோ எண்ணிட்டு இருக்கறப்ப ஒண்ணு வித்தியாசமா நின்னுச்சு. தேடல, தானா வந்து கண்ணுல நின்னுச்சு. றெக்கை நுனில கருப்பு இருக்க வேண்டிய எடத்துல மங்கலா ஒரு சாம்பல் கோடுதான். "அண்ணே, ஐஸ்லாண்ட்!" அவரு ஸ்கோப்புல பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, சிரிச்சாரு. பக்கத்துல இருந்த ரெண்டு பெரியவங்களும் திருப்பிப் பாத்துட்டு, அங்க ஆரம்பிச்சுச்சு சண்டை. அது ஐஸ்லாண்ட் கல்லா, தேயர் கல்லான்னு. ஒருத்தரு நுனி கருமை ஜாஸ்தி, தேயர்னாரு. இன்னொருத்தரு தேயர்னு ஒண்ணே கெடையாதுய்யான்னாரு. விஷயம் என்னன்னா ரொம்ப காலமா தேயர் கல்லத் தனி வகையா எண்ணிட்டு இருந்தாங்க, 2017-ல அமெரிக்கப் பறவையியல் சங்கம் ரெண்டையும் ஒண்ணாக்கிருச்சு. வீட்டுல உக்காந்தபடியே நெறைய பேருக்கு, பாத்ததா எழுதி வெச்ச லிஸ்ட்டுல ஒரு பறவை காணாமப் போச்சு. அதே சங்கம் 2024-ல ஹெர்ரிங் கல்ல நாலாப் பிரிச்சுது, உக்காந்தபடியே சிலருக்குக் கூடுச்சு. கீழ பறந்துட்டு இருந்த அதுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது, ஒரு ஷைனரப் புடிச்சு விழுங்கிட்டுப் போச்சு. அண்ணன் குனிஞ்சு எங்கிட்ட மட்டும், "ரெண்டு பேரும் 2017-லேர்ந்து இதே எடத்துல இதே சண்டைதான் தம்பி"ன்னாரு.

வேலியோரத்துல ஒரு மொழி இருக்கு, அத இங்கதான் கேக்க முடியும். யாராவது எதையாவது கண்டுபுடிச்சா எடத்தச் சொல்லணும், பத்தாயிரம் வெள்ளைப் புள்ளிக்கு நடுவுல எந்தப் புள்ளின்னு. அதனால எதிர் பவர் ஹவுஸோட தூண எண்றாங்க. "அஞ்சாவது தூணுக்கு நேரா, தண்ணி மட்டத்துக்கு மேல, எடது பக்கம் போகுது, திரும்புது, இப்ப நாலாவது தூண்!" பதினோரு மணி சுமாருக்கு அப்படித்தான் ஒருத்தரு "லிட்டில்!"னு கத்தினாரு. சரியா அந்த நேரம் நான் கண்ணாடிய தொடைச்சுட்டு இருந்தேன். மூச்சுக் காத்து பட்டு, கண்ணு வெக்கற ஐபீஸ் முழுக்கப் பனி. கையுறையோட விரல் துணியத் தேடுது, அண்ணன் "மூணாவது தூண், மூணாவது"ங்கறாரு, நான் பாக்கறதுக்குள்ள அது பொரிக்குள்ள பொரியாயிருச்சு. சுத்தி இருந்த எல்லாரும் பாத்தாச்சு. கார்லயே கையுறைல கைய பழக்கியிருக்கலாம்னு அப்பத் தோணுச்சு, சொல்லல.

லிட்டில் கல்தான் உலகத்துலயே சின்ன கல், நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல. பெரிய கல் கிரேட் பிளாக் பேக்ட், அதுவும் கீழ பாறைல நின்னுட்டு இருந்துச்சு, றெக்கை விரிச்சா ஒன்றரை மீட்டருக்கு மேல, எடை ஒண்ணே முக்கால் கிலோ வாக்குல இருக்கும். லிட்டில் கல்லு ஐரோப்பா ஆசியாப் பக்கத்துப் பறவை. 1962-ல வட அமெரிக்காவுல மொத மொதலா கூடு கட்டினதப் பாத்தது இந்த ஒண்டாரியோ ஏரியோட வடகரைல, ஓஷாவா பக்கத்துச் சதுப்புலதான். இங்க போனபார்ட் கூட்டத்தோட சேந்துதான் சுத்தும். அரியதுங்கறதே எடத்தப் பொறுத்ததுதான். இங்க ஒரு பிளாக் ஹெட்டட் கல் வந்துட்டா மூணு மணி நேரம் கார் ஓட்டிட்டு வருவாங்க, அதே பறவைய நம்ம பக்கத்துக் கடலோரத்துல படகு பின்னாடி கூட்டமா வர்றப்ப யாரும் தலைய நிமித்தறது இல்ல.

அப்புறம் வந்துச்சு அன்னிக்கு நாள் முழுக்க என் மண்டைல சுத்தின பறவை. மணி ஒண்ணரை. வேலியில நானும் அண்ணனும் மட்டும், மத்தவங்க காருக்குள்ள சூடு காயப் போயாச்சு. தெக்கேர்ந்து, வர்ல்பூல் இருக்கற பக்கத்துலேர்ந்து, ஒண்ணு தனியா வந்துச்சு. (வர்ல்பூல்னா ஆறு சட்டுனு ஒரு முட்டு முட்டித் திரும்பற எடத்துல சுழல், மேல தண்ணியத் திருப்பி விட்டுட்டா அந்தச் சுழல் சுத்தற திசையே மாறிரும், இது தனிக் கதை.) முதுகுல றெக்கை விரிச்ச நெலையில ஒரு நுனிலேர்ந்து மறு நுனிக்கு பளிச்சுனு கருப்பா ஒரு டபிள்யூ. ஸ்கோப்புல சரியா நாலு செகண்டு.

கல் பாக்காதவங்களுக்கு ஏன் இது பெரிய விஷயம்னு சொல்லணும். மொத வருஷத்துக் குட்டிகள்ல முதுகுல டபிள்யூ இருக்கறது சில வகைக்குத்தான். பிளாக் லெக்டு கிட்டிவேக், அது நடுக்கடல் பறவை, இந்த ஆத்துக்கு எப்பவாவது வரும். லிட்டில் கல் குட்டிக்கும் அதே டபிள்யூ. ராஸ் கல் குட்டிக்கும் அதே டபிள்யூ, அது ஆர்க்டிக்கோட ரகசியம் மாதிரி ஒரு பறவை, ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1823-ல வடக்கப் போனப்ப சுட்டது, அத ஒரு தடவ பாக்கறதுக்காக உசுர விடற ஆளுங்க இருக்காங்க. போனபார்ட் குட்டிக்கே மங்கலா ஒண்ணு இருக்கும். வித்தியாசம் எதுலன்னா, அளவுல, கழுத்துல, வால்ல. கிட்டிவேக்னா பெருசு, பொடரில கருப்புப் பட்டை, வால் ஓரம் லேசா உள்வாங்கி இருக்கும். ராஸ்னா வால் நடுவுல கூம்பா நீண்டிருக்கும். ஆனா இது தனியா வந்துச்சே, பக்கத்துல இன்னொரு கல் இருந்தாத்தானே பெருசா சின்னதான்னு சொல்ல முடியும், வெறும் தண்ணிக்கு மேல பறக்கற ஒரு பறவைக்கு அளவே கெடையாது.

வாலுக்குப் பார்வையக் கொண்டு போறேன், அதுக்குள்ள கீழ இருந்த மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சுல எந்திரிச்சுச்சு. பெரிக்ரின் ஃபால்கன், வல்லூறு. பள்ளத்தாக்குச் சுவரோரமா ஒரு அம்பு மாதிரி வந்து கூட்டத்துக்குள்ள பூந்துச்சு. ஆயிரம் கல், எல்லாம் சேந்து கத்துது, எல்லாம் எல்லாப் பக்கமும். அதுக்கு ஒண்ணும் கிடைக்கல, சுத்திட்டுப் போயிருச்சு. கூட்டம் திரும்பவும் எறங்க பத்து நிமிஷம் ஆச்சு. டபிள்யூ இல்ல.

"அண்ணே, நீங்க பாத்தீங்களா?"

"முதுகப் பாத்தேன்."

"கிட்டிவேக் தானே? பெருசாத்தானே இருந்துச்சு?"

"பெருசா இருந்துச்சுன்னு உனக்குத் தோணுச்சா, இருக்கணும்னு தோணுச்சா?"

பதில் சொல்ல முடியல. ரெண்டு மணி நேரம் அங்கேயே நின்னேன். அம்பது இல்ல, ஐநூறு கல்லுக்கு வயசு சொல்லியிருப்பேன். மனசு அதுக்குள்ள வேலையக் காட்ட ஆரம்பிச்சுருச்சு. அரை மணி நேரத்துல அந்த நாலு செகண்டுல கழுத்துப் பட்டையப் பாத்த மாதிரி ஞாபகம் வருது. ஒரு மணி நேரத்துல வாலயே பாத்த மாதிரி இருக்கு, அதுவும் கூம்பா. ராஸ் கல்லே வந்துருச்சு! பாக்காதத ஞாபகத்துல வரையற வேகம் இருக்கே, கையில எழுதி வெக்கலேன்னா சாயங்காலத்துக்குள்ள நானே நம்பியிருப்பேன், யாராவது கேட்டா சத்தியமும் பண்ணியிருப்பேன்.

மூணரைக்கு மேல கெளம்பி ஆத்து வாய்க்குப் போனோம், நயாகரா ஆன் த லேக், ஆறு ஒண்டாரியோ ஏரில கலக்கற எடம். கரைலேர்ந்து கொஞ்ச தூரத்துல நீள்வால் வாத்துங்க, லாங் டெயில்டு டக், கூட்டமா மெதந்துட்டு இருந்துச்சு. மத்த வாத்தெல்லாம் கத்தும், இது பாடும், குழந்தை தொண்டையத் திறந்து கூப்புடற மாதிரி ஒரு சத்தம், நிக்காது. முங்கினா 60 மீட்டர் ஆழம் வரைக்கும் போகும்னு அண்ணன் சொன்னாரு. பக்கத்துல பஃபிள்ஹெட், கோல்டன் ஐ, தலைல எண்ணெய் வெக்காம எந்திரிச்சு வந்த மாதிரி கொண்டையோட மெர்கன்சருங்க. நாள் முழுக்க சாம்பலையும் வெள்ளையையும் பாத்த கண்ணுக்கு இந்த வாத்துங்க ஒரு ஓய்வு, யாரும் சண்டை போட வேண்டியதில்ல, ஆண் வாத்து ஆண் வாத்தாவே இருக்கு.

நாலே காலுக்கு ஆரம்பிச்சுச்சு. பள்ளத்தாக்குல நாள் முழுக்கச் சாப்ட போனபார்ட் கல்லெல்லாம் ராத்திரி தூங்க ஏரிக்குப் போகுது. ஆத்து நடுவுல தண்ணி மட்டத்தோட ஒட்டி, மொதல்ல பத்து, அப்புறம் அம்பது, அப்புறம் நிக்காத ஒரு ஓடை மாதிரி. சத்தமே இல்ல. பகல்ல அவ்ளோ கத்தினதுங்க சாயங்காலம் ஆபீஸ் விட்டு வர்றவங்க மாதிரி பேசாம போகுது. அண்ணன் கையில க்ளிக்கர், பத்துக்கு ஒரு க்ளிக். நான் ஸ்கோப்ப ஒரே எடத்துல நிறுத்தி, குறுக்க போறத எல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை, வெள்ளை. காலைல இருந்த கடுப்பு போயிருச்சு, எதையும் தேடல, ஒவ்வொண்ணா போனபார்ட், போனபார்ட், போனபார்ட்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்ப ஒண்ணு றெக்கையத் தூக்கினப்ப அடிப்பக்கம் கரி பூசின மாதிரி கருப்பு. எறக்கினப்ப வெளிர் சாம்பல், நுனில கருப்பே இல்ல, வட்டமான றெக்கை. தூக்கினா கருப்பு, எறக்கினா வெளுப்பு, லைட்ட போட்டுப் போட்டு அணைக்கற மாதிரி. "அண்ணே, லிட்டில், அடல்ட்"னேன். கத்தக்கூட இல்ல. அவரு க்ளிக் பண்றத நிறுத்தாம அப்படியே கண்ண மட்டும் திருப்பிப் பாத்தாரு. "ம்"ன்னாரு. ஏரிப் பக்கம் போற வரைக்கும் ரெண்டு பேரும் பாத்தோம், இருபது செகண்டு இருக்கும், அப்புறம் அது மத்ததுங்களோட சேந்து வெறும் புள்ளியாயிருச்சு.

நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் போயிருச்சு, அதுக்கப்புறமும் பறவை நிக்கல, கண்ணுதான் நின்னுச்சு. அண்ணன் க்ளிக்கர்ல 612, அதாவது ஆறாயிரத்து நூத்து இருபது. "இருட்டுல போனத விட்டுட்டேன், அதனால ஆறாயிரத்துக்குக் கொறையாதுன்னு போடு"ன்னாரு.

கார்ல ஹீட்டர போட்டு, விரல் உசுரு வந்ததும் ஃபோன்ல லிஸ்ட்ட அடிக்க ஆரம்பிச்சேன். ஹெர்ரிங், ரிங் பில்ட், கிரேட் பிளாக் பேக்ட், ஐஸ்லாண்ட் ஒண்ணு (தேயர்னு அடைப்புக்குறில போடலாமான்னு கேட்டேன், முறைச்சாரு), லிட்டில் ஒண்ணு, போனபார்ட் 6,000. கடைசில விரல் கிட்டிவேக் மேல போய் நின்னுச்சு. அண்ணன் கண்ண மூடி சீட்டுல சாஞ்சிருந்தாரு, தூங்கறாருன்னு நெனச்சேன்.

"அதுக்குக் கீழ 'கல், வகை தெரியல'ன்னு ஒண்ணு இருக்கும் பாரு."

இருந்துச்சு. தொட்டேன். எண்ணிக்கை 1. கீழ குறிப்பு எழுத ஒரு கட்டம்.

"என்ன எழுதட்டும்ணே?"

"நாலு செகண்டு. முதுகுல டபிள்யூ பாத்தேன், வாலப் பாக்கலன்னு போடு. வல்லூறு வந்துச்சுன்னும் போடு."

போட்டேன்.